குடை ஆட்டத்தில் ஓர் ஓட்டை

நேற்று, அட்டையில் காய் வைத்து ஆடுகிற ஆட்டங்களைக் கட்டுகிற நீங்கள் ஆறு பேரும் வந்து உட்கார்ந்து, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரே கேள்வியை ஆறு விதமாகக் கேட்டீர்கள். ஓர் ஆட்டம் அச்சுக்குப் போகத் தயாராகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டுக் காப்பி போடப் போய்விட்டேன். நீங்கள் பஸ் ஏறிய பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது. நேரான பதிலைச் சொல்லியிருக்கலாம். தெரிந்துகொள்ள முடியாது, அதுதான் பதில். ‘இனி இதில் ஒன்றும் இல்லை, முடிந்தது’ என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றிய ஒவ்வொரு முறையும் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அப்படி மாட்டிக்கொண்ட ஒரு நாளைப் போலச் சந்தோஷமான நாளும் என் வேலைக்காலத்தில் வேறு கிடையாது. அதைத்தான் எழுதி அனுப்புகிறேன்.

முதலில் நான் இதற்குள் வந்த கதை. ஐம்பதுகளின் கடைசி. ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு ஆலங்குளத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்று மாதம் தற்காலிக வேலை பார்த்தேன். லீவில் போயிருந்த டீச்சர் திரும்பி வந்ததும் நான் தென்காசிக்குத் திரும்பினேன். ஊரில் காலண்டரும் நோட்டுப் புத்தகமும் கல்யாணப் பத்திரிகையும் அடிக்கிற ஓர் அச்சகம் இருந்தது. அதன் முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். நானும் கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டேன். பிழை திருத்துகிற வேலை இருக்கிறதா என்று கேட்டுப் போனேன்.

“பொம்பளைப் புள்ளைக்கு இங்கன என்ன வேலைம்மா? பிழை பாக்கத் தெரியுமா?” என்றார்.

அவர் தலைக்குப் பின்னால் அவருடைய காலண்டரே தொங்கியது. “ஆவணிக்கு மூணு சுழி ‘ண’ அண்ணாச்சி. உங்க காலண்டர்ல ரெண்டு சுழி போட்டிருக்கு” என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். காலண்டரைக் கழற்றிச் சுருட்டி மேஜைக்கு அடியில் போட்டார். “நாளைக்கு வந்துருங்க” என்றார். அந்த நிமிஷத்திலிருந்து நான் டீச்சரம்மா. மூன்று மாதம் வேலை பார்த்த பட்டம் முப்பது வருஷம் நிலைத்தது.

ஆட்டம் வெளியிடும் யோசனை அண்ணாச்சியுடையது. குற்றாலத்தில் சீசன் என்றால் கூட்டம் உங்களுக்குத் தெரியும். அருவியில் தண்ணீர் அதிகமாகிவிட்டால் குளிக்க விடமாட்டார்கள். சாரலோ நிற்காது. மதுரையிலிருந்தும் கொல்லத்திலிருந்தும் வந்தவர்கள் லாட்ஜ் அறைக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சீட்டுக்கட்டை எடுத்தால் சூதாட்டம் என்று லாட்ஜ்காரர்கள் விரட்டுவார்கள். காலண்டர் பின்னட்டைக்கு வாங்கிய கெட்டி அட்டை அண்ணாச்சியிடம் நிறைய மிஞ்சிக் கிடந்தது. அதில் ஏழுக்கு ஏழு என்று கட்டம் அடித்தார். அம்பாசமுத்திரத்துக் கடைசல்காரர்களிடம் சிவப்பில் பன்னிரண்டு, பச்சையில் பன்னிரண்டு என்று மரக்காய்கள் செய்து வாங்கினார். அட்டையையும் காய்களையும் ஒரு பெட்டியில் போட்டார். அவ்வளவுதான் முதலீடு.

அவருடைய கெட்டிக்காரத்தனம் அதற்குப் பிறகு வந்தது. பெட்டியை ஒரு தடவை வாங்கினால் போதும். அதே அட்டையில், அதே காய்களை வைத்து ஆடக்கூடிய வேறு வேறு ஆட்டங்களைத் தனித்தனித் தாளாக, ஒரு காப்பி குடிக்கிற காசுக்கு விற்றோம். ஆட்டத்தைக் கட்டியவர் பெயர் தாளின் அடியில் இருக்கும். விற்கிற ஒவ்வொரு தாளுக்கும் அவருக்கு ஒரு பங்கு. “பாட்டுக் கட்டுனவனுக்குப் பேரு இருக்கு. ஆட்டம் கட்டுனவனுக்கு ஏன் இருக்கப்படாது?” என்று கேட்பார். தபால்காரர் ஒருவர் ஆட்டம் கட்டிக்கொண்டு வந்தார். பண்பொழியிலிருந்து நாதஸ்வரக்காரர் ஒருவர் வந்தார். கொண்டுவருகிற ஆட்டத்தை ஆடிப் பார்த்து, ஓட்டை இருக்கிறதா என்று சோதித்து, முன்பின் தெரியாதவருக்கும் புரிகிற மாதிரி விதிகளை எழுதுவது என் வேலை.

எழுதுவது சுலபம் என்று நினைத்தேன். முதல் தாளிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டேன். எதிரியின் காயைத் தாண்டினால் ‘அந்தக் காயை எடுக்கலாம்’ என்று எழுதியிருந்தேன். ஒரு மழைநாள் காலையில் குற்றாலத்திலிருந்து குதிரைவண்டி ஒன்று அச்சகத்து வாசலில் வந்து நின்றது. இறங்கியவர்களில் ஒருவர் வக்கீல், ஒருவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். இரண்டு பேரும் ஒரே வண்டியில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வந்திருந்தார்கள். ‘எடுக்கலாம்’ என்றால் எடுக்காமலும் இருக்கலாம் என்று வக்கீல் சொன்னார். எடுத்தே ஆகவேண்டும் என்பதைத்தான் மரியாதையாக அப்படி எழுதியிருக்கிறது என்றார் தலைமையாசிரியர். ஆட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டுத் தீர்ப்புக் கேட்க வந்திருந்தார்கள்.

“ரெண்டு பேர் சொல்லுததும் சரிதான். எழுதினவ தப்பு. அந்த எழுதினவ நான்தான்” என்றேன்.

வக்கீல் சிரித்துவிட்டார். தலைமையாசிரியர் சிரிக்கவில்லை. ஆனால் பேனாவை எடுத்து என் தாளில் ‘எடுத்தே தீர வேண்டும்’ என்று திருத்திக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து நான் எழுதிய எந்தத் தாளிலும் ‘லாம்’ என்று முடிகிற வார்த்தையைக் கண்டால் நின்று ஒரு நிமிஷம் யோசிப்பேன். நீங்களும் யோசியுங்கள். ஆடுகிறவர்கள் வீட்டுக்கு நாம் விதியோடு கூடப் போக முடியாது. தாள்தான் போகிறது.

இரண்டு சீசன் போயிற்று. பெட்டி விற்றது, தாள் விற்கவில்லை. பெட்டியோடு வருகிற முதல் ஆட்டத்தையே எல்லோரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு தாளைக் காசு கொடுத்து வாங்க வைக்கிற ஆட்டம் ஒன்றும் எங்களிடம் இல்லை. “இந்த சீசன்லயும் போகலேன்னா காலண்டரோட நிறுத்திக்கிடுவோம் டீச்சரம்மா” என்று அண்ணாச்சி ஒருநாள் சாதாரணமாகச் சொன்னார். சாதாரணமாகச் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்த சமயத்தில் வந்தவர் மைதீன் பாய். கடையநல்லூர்க்காரர். சீசன் மாதங்களில் குற்றாலத்தில் அருவிக்குப் போகிற பாதையோரம் உட்கார்ந்து குடை ரிப்பேர் பார்ப்பார். அண்ணாச்சியின் குடைக்குக் கம்பி மாற்ற வந்தவர் என் மேஜையில் கட்டம் போட்ட அட்டையைப் பார்த்தார். விவரம் கேட்டார். ஒரு வாரம் கழித்து, காய்க்குப் பதிலாக மடியில் புளியங்கொட்டையோடு வந்தார்.

“டீச்சரம்மா, அருவிக்குப் போற பாதையில நான் உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன். குடை குடையா நிக்கும். ஒண்ணை ஒண்ணு இடிச்சா கம்பி வளையும், எனக்கு வேலை. இடிக்காம எத்தனை குடை நிக்க முடியும்னு மனசுக்குள்ளயே எண்ணுவேன். அதை ஆட்டமாக் கட்டியிருக்கேன், பாருங்க.”

விதி இரண்டே வரி. ஆளுக்கு ஒரு காய் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். வைக்கிற காய், ஏற்கெனவே வைத்த எந்தக் காயையும், அது யாருடையதாக இருந்தாலும், பக்கத்திலோ மூலையிலோ தொடக்கூடாது. இடம் போதாமல் எவருக்கு வைக்க முடியவில்லையோ அவர் நனைந்தார், தோற்றார். ஆட்டத்தின் பெயர் ‘குடை’.

நான் ஒரு தடவை ஆடினேன். மறுபடி ஆட வேண்டும் போல இருந்தது. அண்ணாச்சி மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டு ஆடினார். அச்சுக் கோக்கிறவர்கள், மிஷின்காரர், பேப்பர் கொண்டுவந்தவர் என்று இருபது நாள் எல்லோரையும் பிடித்து உட்காரவைத்து ஆடிப் பார்த்தேன். ஜெயிப்பதும் தோற்பதும் சமமாகவே வந்தது. எனக்கு நிச்சயமாகிவிட்டது. ஆயிரம் தாள் அடித்தோம். குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் ஹாலை அண்ணாச்சி ஒரு காலைக்குப் பேசி வைத்தார். மதுரை, தூத்துக்குடி, கொல்லம் என்று பல ஊர்களிலிருந்து எழுதுபொருள் கடைக்காரர்கள் எட்டுப் பேரை அழைத்தார். பதினோரு மணிக்கு அவர்கள் வரவேண்டும். ஆடிக் காட்டி ஆர்டர் வாங்குவது திட்டம்.

அன்று நான் தாள்கட்டோடு முதல் பஸ்ஸிலேயே போய் இறங்கினேன். சாரல் பஞ்சுபோல விழுந்துகொண்டிருந்தது. ஹாலில் மைதீன் பாய் எனக்கு முன்பே வந்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். எதிரே லாட்ஜ் அடுக்களையில் மாவாட்டுகிற செல்லத்தாய். நாற்பது வயது இருக்கும். கை முழங்கைவரை மாவு. ஆட்டத்தைச் சும்மா அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாராம். பாய் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையே சரியில்லை.

“டீச்சரம்மா, இங்கன வாங்க. இவ என்னமோ செய்யுதா. ஏழு ஆட்டம் ஆடியாச்சு. ஏழும் தோத்துட்டேன்.”

“நாந்தான் மொதல்ல வைப்பேன்னு சொன்னேன். பாய் பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்தாவ” என்றாள் செல்லத்தாய், சிரிப்பை அடக்க முடியாமல்.

நான் உட்கார்ந்தேன். அவள் நட்டநடுக் கட்டத்தில் ஒரு காயை வைத்தாள். கொஞ்ச நேரத்தில் நான் தோற்றேன். மறுபடி ஆடினேன், தோற்றேன். மூன்றாவது ஆட்டத்தில் நான் யோசித்து யோசித்து வைத்தேன். அவள் யோசிக்கவே இல்லை. நான் காயை வைத்த மறுநிமிஷம் அவள் காய் விழுந்தது. மூன்றாவதும் போயிற்று.

“எக்கா, எப்படி?” என்றேன்.

“எப்படியும் இல்ல டீச்சரம்மா. நடுவுல ஒண்ணு வச்சுக்கிடுதேன். அப்புறம் நீங்க எங்கன வச்சாலும், நடுக்காயைத் தாண்டி அதுக்கு நேர் எதுத்தாப்ல நான் வைக்கேன். கோலத்துல இந்தப் பக்கம் ஒரு பூப் போட்டா அந்தப் பக்கமும் ஒண்ணு போடுவோம்லா, அப்படி. உங்களுக்கு ஒரு எடம் இருந்தா எதுத்தாப்ல எனக்கும் ஒரு எடம் இருக்கும். அப்பம் நான் எப்படித் தோப்பேன்?”

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இதைத் தெரிந்த ஒருவர் முதலில் வைத்தால் எதிராளி ஆடவே வேண்டாம். எழுந்து போய்க் குளித்துவிட்டு வரலாம். இருபது நாள் சோதித்த எனக்கு இது தெரியவில்லை. இத்தனைக்கும் நானும் தினம் காலையில் கோலம் போடுகிறவள்தான். பக்கத்தில் ஆயிரம் தாள், கட்டுக்கூடப் பிரிக்காமல் இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்பது.

அவசரத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. பாய் குடித்து வைத்த காப்பி டம்ளரை எடுத்து நடுக்கட்டத்தின்மேல் கவிழ்த்தேன். “இந்தக் கட்டத்தையே அடைச்சிருவோம். இங்கன யாரும் வைக்கக் கூடாது. தீர்ந்துபோச்சு!” என்றேன்.

மைதீன் பாய் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “தாயி, இந்தத் தடவை நீ ரெண்டாவதா வை” என்றார். அவர் முதலில் வைத்தார். அவள் டம்ளருக்கு அந்தப் பக்கம், நேர் எதிரே வைத்தாள். அவர் ஒன்று வைத்தால் எதிரே அவள் ஒன்று. பாய்க்குத்தான் முதலில் இடம் தீர்ந்தது.

“ஓட்டையை அடைக்கல டீச்சரம்மா. இந்த மடிப்புல இருந்ததை அந்த மடிப்புக்கு நகத்தியிருக்கிய” என்றார் பாய். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு குடையைப் பார்த்துச் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

பத்து மணிக்கு அண்ணாச்சி குதிரைவண்டியில் வந்து இறங்கினார். விசேஷத்துக்குப் போகிற சரிகை வேட்டி. கரை எல்லாம் சேறு. நான் வாசலிலேயே மறித்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன்.

“எத்தனை பேருக்குத் தெரியும்?” என்றார்.

“உங்களோட நாலு.”

“இன்னைக்குச் சொல்லாம ஆர்டர் வாங்கிட்டோம்னா என்ன ஆகும்?”

தப்பாக நினைக்காதீர்கள். அவர் என்னைச் சோதிக்கவில்லை, ஏமாற்றச் சொல்லவும் இல்லை. உண்மையிலேயே என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன்.

“வாங்கிட்டுப் போவாங்க அண்ணாச்சி. ஒரு மாசம் ஓடும். அதுக்குள்ள எங்கயாச்சும் ஒரு அடுக்களையில ஒருத்தி கண்டுபிடிப்பா. அடுத்த மாசம் எல்லாருக்கும் தெரிஞ்சுபோகும். அதுக்கப்புறம் நம்ம தாள் எதையும் யாரும் வாங்க மாட்டாங்க. ஆனா இதுல முடிவு சொல்ல வேண்டியது நீங்களும் இல்ல, நானும் இல்ல. தாள்ல பேரு பாயோடது.”

இரண்டு பேரும் உள்ளே போய் பாயிடம் கேட்டோம். அவர் சலவைச் சட்டையை ஒரு தடவை கீழே இழுத்து விட்டுக்கொண்டார்.

“ஓட்டைக் குடையை நல்ல குடைன்னு வித்துட்டு, அடுத்த சீசனுக்கு அதே பாதையில எந்த முகத்தோட உக்காருவேன் அண்ணாச்சி? சொல்லிருங்க” என்றார்.

“அப்பம் நீங்களே எந்திரிச்சுச் சொல்லுங்க டீச்சரம்மா. நான் சொன்னா இதுவும் ஒரு வியாபாரப் பேச்சுன்னு நினைப்பாங்க” என்றார் அண்ணாச்சி.

பதினோரு மணிக்கு எட்டுக் கடைக்காரர்களும் வந்து உட்கார்ந்தார்கள். நடுவில் மதுரைக்காரர். மூன்று கடை வைத்திருப்பவர். தங்கப் பிரேம் கண்ணாடி, கையில் கடிகாரம். அதை அடிக்கடி பார்த்துக்கொண்டார். நான் எழுந்தேன்.

“இந்த ஆட்டத்தை உங்களுக்கு விக்கத்தான் கூப்பிட்டிருந்தோம். ஆனா இதுல ஒரு ஓட்டை இருக்கு. மொதல்ல வைக்கவங்க வழி தெரிஞ்சு வச்சா, தோக்கவே மாட்டாங்க. எங்களுக்கே இன்னைக்குக் காலையிலதான் தெரியும். கண்டுபிடிச்சவங்க இந்த லாட்ஜ் அடுக்களையில மாவாட்டுதாங்க” என்றேன்.

உட்கார்ந்திருக்கலாம். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. ஆனால் எட்டு முகங்களிலும் அனுதாபத்தைப் பார்த்தபோது எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “அது என்ன வழின்னு நான் சொல்ல மாட்டேன். உங்களால கண்டுபிடிக்க முடியுதா பாருங்க” என்று சேர்த்துக்கொண்டேன்.

மதுரைக்காரர் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்தினார். “கூப்பிடுங்க அந்தம்மாவ” என்றார்.

செல்லத்தாய் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். தூத்துக்குடிக்காரர் முதலில் ஆடினார், தோற்றார். கொல்லத்துக்காரர் மலையாளமும் தமிழுமாக ஏதோ சொல்லிக்கொண்டே தோற்றார். வெளியே மழை வலுத்தது. அருவிக்குப் போக முடியாத லாட்ஜ் ஆட்கள் ஒவ்வொருவராக ஹாலுக்குள் வந்து சுற்றி நின்றார்கள். ஒவ்வொருவர் தோற்கும்போதும் ஒரு ஆரவாரம். “எக்கா, விடாத!” என்று அடுக்களையிலிருந்து வேறு குரல். மதுரைக்காரர் நான்கு முறை தோற்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஐந்தாவதற்கு உட்கார்ந்தார். செல்லத்தாய் வழக்கம்போல நடுவில் ஒரு காயை வைத்தாள்.

மதுரைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது.

“எந்திரிங்கம்மா! நான் அந்தப் பக்கம் உக்காருறேன். நீங்க வச்ச காய் எனக்கு. இப்ப நீங்க இங்கிட்டு வந்து ஆடுங்க பாப்போம்!”

“அதெப்படிய்யா? நான் வச்சதுல்லா!” என்றாள் செல்லத்தாய்.

ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காத ஒரே ஆள் மைதீன் பாய். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அட்டையின் முன்னால் மண்டி போட்டார்.

“நில்லுங்க! ஒரு நிமிஷம் நில்லுங்க! அய்யா இப்பம் கோவத்துல சொன்னாவல்ல, அதையே சட்டமா வச்சுக்கிடுவோம். தாயி, நீ மொதக் காயை வை. வச்ச பொறவு, அய்யா விரும்பினா பக்கத்தை மாத்திக்கிடலாம். உன் காயி அவருக்கு ஆயிரும். விரும்பலேன்னா அப்படியே ஆடலாம். இப்பம் சொல்லு, எங்கன வைப்ப?”

செல்லத்தாய் காயை எடுத்தாள். கை நேராக நடுக்கட்டத்துக்குப் போனது. வைக்கப் போனவள் நிறுத்தினாள். நடுவில் வைத்தால் அவர் மாற்றிக்கொள்வார். பிறகு எதிர் எதிரே வைத்து ஜெயிப்பது அவர். கையைப் பின்னால் இழுத்தாள். மூலைக்குக் கொண்டுபோனாள். அங்கேயும் வைக்கவில்லை. ரொம்ப நல்ல இடத்தில் வைத்தால் பறிபோகும். ரொம்ப மோசமான இடத்தில் வைத்தால் அது தன் தலையிலேயே விடியும். அந்தச் சிவப்புக் காய் அவள் விரல் நுனியில், அட்டைக்கு மேலே, அந்தரத்தில் நின்றது. அன்று காலையிலிருந்து அவள் யோசிப்பதை அப்போதுதான் நான் முதல்முறையாகப் பார்த்தேன். பாய் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அவர் கண் நிறைந்திருந்தது.

பிள்ளைகளே, ஒரு காய் இப்படி அந்தரத்தில் நிற்பதைப் பார்க்கத்தான் நாம் இந்தத் தொழிலில் இருக்கிறோம்.

கடைசியில் ஓரத்துக்கு ஒரு கட்டம் உள்ளே தள்ளி வைத்தாள். இப்போது யோசிப்பது மதுரைக்காரர் முறை. தாடையைத் தடவினார். “மாத்து” என்றார். பிறகு, “இல்ல, வேண்டாம்” என்றார். “ஒண்ணு சொல்லுங்கய்யா!” என்று கூட்டம் கத்தியது. “மாத்து!” என்று தொடையில் தட்டினார். இருவரும் ஆடினார்கள். கடைசிக் குடையை மதுரைக்காரர் விரித்தார். செல்லத்தாய்க்கு இடம் இல்லை. தோற்றவளுக்குத்தான் எல்லோரையும்விடச் சிரிப்பு.

“அப்பாடா! இப்பத்தான் இது ஆட்டம். காலையில இருந்து ஜெயிச்சு ஜெயிச்சு எனக்கே சப்புன்னு போச்சு” என்றாள்.

அதற்குப் பிறகு அந்த ஹாலைக் காலி பண்ண முடியவில்லை. அண்ணாச்சி வண்டியில் கொண்டுவந்திருந்த பெட்டிகள் அங்கேயே தீர்ந்தன. மதுரைக்காரர் கடிகாரத்தை மறந்து மூன்று மணிவரை ஆடிவிட்டு, அண்ணாச்சி கேட்க நினைத்ததைவிடப் பெரிய ஆர்டரைச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் அச்சகத்தில் ஒரு வாக்குவாதம். புது விதியை ஒரு சின்னத் துண்டில் அடித்துப் பழைய தாளில் ஒட்டிவிடலாம் என்றார் அண்ணாச்சி. பேச வந்திருந்த மைதீன் பாய் ஒப்புக்கொள்ளவில்லை. தாளில் செல்லத்தாய் பெயரும் வரவேண்டும், பங்கில் பாதி அவளுக்குப் போகவேண்டும் என்றார். கோபத்தில் வழி சொன்ன மதுரைக்காரரிடம் முந்தின நாள் ஹாலில் பங்கு வேண்டுமா என்று கேட்டதற்கு, “தோத்த ஆத்திரத்துக்கெல்லாம் பங்கு கேட்டா ஊர் சிரிக்கும்” என்று அப்போதே கைகூப்பிவிட்டார். அண்ணாச்சிக்குத் தயக்கம். “பாய், ஆட்டம் கட்டுனது நீங்க. உடைச்சவளுக்கும் பங்குன்னா நாளைக்கு ஒவ்வொருத்தனும் சுத்தியலைத் தூக்கிட்டு வருவான்.”

“வரட்டுமே அண்ணாச்சி. எங்கிட்ட வர்ற குடையில ஓட்டை எங்கன இருக்குன்னு கண்டுபிடிக்கதுதான் பாதி வேலை. தைக்கது மீதிப் பாதி. அந்தப் பாதியைப் பண்ணுனது அவதான்” என்றார் பாய்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். ஒட்டுகிற துண்டில் இன்னொரு பெயருக்கு இடம் வராது, புதுத் தாள்தான் அடிக்கவேண்டும் என்று சொன்னேன். ஆயிரம் தாளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “பின்பக்கம் வெள்ளையாத்தான இருக்கு. பில்லு எழுதிக்கிடுவோம்” என்றார். அதற்குப் பிறகு நாங்கள் வெளியிட்ட ஒவ்வோர் ஆட்டமும் முதலில் குற்றாலத்து அடுக்களைக்குப் போய், செல்லத்தாய் கையில் ஒரு வாரம் தாக்குப்பிடித்த பிறகே அச்சுக்குப் போயிற்று. ஓட்டை கண்டுபிடித்தால் அவள் பெயரும் தாளில் வரும். ஆட்டம் கட்டுகிறவர்கள் அவளை வைதுகொண்டே போவார்கள், திருத்திக்கொண்டு திரும்பி வருவார்கள்.

புதுத் தாள் அச்சேறிய அன்று, மிஷினிலிருந்து வந்த முதல் தாளை ஈரம் காயும் முன்பே எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அடுக்களையில் அவள் உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தாள். “உங்க பேரு எங்க இருக்குன்னு காட்டட்டுமா எக்கா?” என்றேன்.

“நான் அஞ்சாப்பு படிச்சவளாக்கும். கொண்டாங்க” என்றாள்.

கையைக் கழுவித் துடைத்துவிட்டு வாங்கினாள். அடியில் ‘ஆட்டம் அமைத்தவர்கள்: மைதீன், செல்லத்தாய்’ என்று இருந்ததை வாய்விட்டு வாசித்தாள். இன்னொரு தடவை வாசித்தாள். பிறகு மேலே போய் முதல் வரியிலிருந்து விதிகளை வாசிக்க ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

“ஏ டீச்சரம்மா, ‘முதலில் வைப்பவர்’னு போட்டிருக்கிய. யாரு மொதல்ல வைக்கணும்னு எங்கனயும் காணமே?”

தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். பழைய தாளில் அது இருந்தது. கையில் காயை மறைத்துக் கேட்டு, சிவப்பைத் தொட்டவர் முதலில் என்று தெளிவாக எழுதியிருந்தேன். புது விதிக்கு இடம் பண்ண நான் வெட்டிய வரிகளோடு அதுவும் போயிருந்தது. தென்காசியில் மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்நேரம் நூறு தாள் விழுந்திருக்கும். செருப்பைக்கூடப் போடாமல் வாசலுக்கு ஓடினேன்.

“எங்க ஓடுதிய? சாரல்ல வழுக்கப்போவுது!” என்று பின்னாலிருந்து அவள் கத்தினாள்.

“மிஷினை நிறுத்தணும்க்கா! யாரு மொதல்லன்னு போடணும்ல?”

அவள் மறுபடி உரலுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

“யாரு வச்சா என்ன டீச்சரம்மா? பிடிக்கலேன்னா அதான் மாத்திக்கிடலாம்லா” என்றாள்.

வாசல்படியில் நின்று நினைத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. யார் முதலில் என்று சண்டை போட அந்த ஆட்டத்தில் இனி ஒன்றுமே இல்லை. உள்ளே திரும்பி வந்து, அவள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு நிதானமாகப் போனேன். அந்த வரி இல்லாமலேதான் ‘குடை’ இத்தனை வருஷமும் விற்றது. யார் முதலில் வைப்பது என்று கேட்டு ஒரு குதிரைவண்டிகூட வரவில்லை.